மாறும் காலத்தில் கைவிடாத திறமைகள்

பணி ஓய்வு, வேலை இழப்பு, ஊர் மாறுதல், துணையை இழத்தல், பிள்ளைகள் படிப்புக்கோ திருமணமாகியோ வீட்டை விட்டுப் போதல், பல வருட வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புதல்: இவற்றில் எது நேர்ந்தாலும் ஒருவருடைய அன்றாடம் மாறுகிறது. தம்மைப் பற்றி அவர் மனதில் வைத்திருந்த கணக்கும் கூடவே கலைகிறது. நேற்றுவரை ஹெட்மாஸ்டர், சூப்பர்வைசர், கட்டிங் மாஸ்டர் என்று ஒரே சொல்லில் அடங்கியவர், கல்யாண வீட்டில் யாராவது "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டால் ஒரு கணம் திணறிப் போகிறார். அவருக்கு இருந்த திறமைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நின்ற நாற்காலியும் சீருடையும் கையெழுத்துப் போடும் அதிகாரமும்தான் இல்லாமல் போயிருக்கின்றன. பொறுப்போடு ஒட்டிக்கிடந்த திறமையைத் தனியே பிரித்தெடுத்துப் பெயர் சொல்வது பழக வேண்டிய ஒரு வேலை. அதற்கென்று சோதித்துப் பார்த்த முறைகளும் உண்டு.

வாழ்க்கை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகர்வதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆர்னால்ட் வான் கென்னெப். 1909-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய நூல், பிறப்பு, பருவமடைதல், மணம், இறப்பு ஆகியவற்றை ஒட்டிப் பல சமூகங்கள் செய்யும் சடங்குகளில் மூன்று கட்டங்கள் இருப்பதைக் காட்டியது. பழைய நிலையிலிருந்து பிரிதல், இரண்டுக்கும் நடுவே நிற்றல், புதிய நிலையில் சேர்த்துக்கொள்ளப்படுதல். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-இல், அமெரிக்கரான வில்லியம் பிரிட்ஜஸ் ஏறக்குறைய இதே மூன்று கட்டங்களைத் தனிமனித வாழ்க்கைக்குப் பொருத்தி எழுதினார். வெளியே நடக்கும் மாற்றம் வேறு, அதற்கு ஏற்ப மனம் நகர்வது வேறு என்றார் அவர். பணி ஓய்வு ஆணை ஒரே நாளில் வந்துவிடும். மனம் ஓய்வு பெற மாதக்கணக்கில் ஆகும். அந்த நடுக்கட்டத்தில்தான் மனிதர்கள் தங்களை மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.

அதற்குக் காரணங்கள் உண்டு. ஒருவருக்குச் சுலபமாக வருவது அவர் கண்ணுக்குத் திறமையாகவே படுவதில்லை. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு குடும்பத்தைப் பேசியே ஒன்று சேர்க்கத் தெரிந்தவரிடம் அதைச் சொன்னால், "இதுல என்ன இருக்கு, எல்லாரும் பண்றதுதானே" என்பார். எல்லாரும் பண்ணுவதில்லை; அவருக்கு அது தெரியாது. மனதின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. நல்லவற்றைவிடக் கெட்டவை மனதில் ஆழமாகப் பதிகின்றன என்பதற்கான சான்றுகளை ராய் பாமைஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001-இல் ஒரு கட்டுரையில் திரட்டித் தந்தார்கள். முப்பது வருடம் ஒழுங்காக நடந்த வேலையைவிட ஒரு முறை வாங்கிய மெமோ பளிச்சென்று நினைவில் நிற்கும். மூன்றாவது காரணம் வளர்ப்பு. தன்னைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்லிக்கொள்வது தற்பெருமை, சொன்னால் கண்பட்டுவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு, தம் பலங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னால் பேனா ஓடுவதில்லை. பெண்களுக்கு இது இன்னும் கடினம். வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்கும் பழக்கமே பெரும்பாலும் இல்லை.

நடக்க வேண்டியது நடக்காமல் போவதும் ஒரு திருப்பம்தான். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நான்சி ஷ்லாஸ்பெர்க் இதை அழுத்திச் சொன்னவர். வரன் அமையாதது, குழந்தை பிறக்காதது, கைக்கு வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு கடைசி நேரத்தில் நழுவியது ஆகியவையும் ஒருவருடைய உறவுகளையும் நாட்களையும் அடியோடு மாற்றிவிடுகின்றன. ஊர் கூடி விசாரிக்க எதுவும் நடக்கவில்லை என்பதால் அந்தச் சுமையை ஒருவர் தனியாகவே தூக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் எந்தத் திருப்பத்தைக் கடப்பதும் நான்கைப் பொறுத்தது என்று ஷ்லாஸ்பெர்க் வகுத்தார்: சூழ்நிலை, அந்த மனிதரின் தன்மை, அவருக்குக் கிடைக்கும் ஆதரவு, அவர் கையாளும் உத்திகள். வெறும் மனவலிமையைப் பற்றி மட்டும் பேசும் புத்தகங்களைவிட இந்தப் பார்வை நியாயமானது. வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாதவரிடம் உன் பலத்தை நம்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

பலங்களைக் கண்டெடுக்கும் முறைகளில் மிகப் பயனுள்ள ஒன்று இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு உருவானது. அந்தப் போரில் ஏறக்குறைய 1.6 கோடி அமெரிக்கர்கள் படைகளில் பணியாற்றினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்ததும் துப்பாக்கி பிடிக்கப் போனவர்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை என்றே அவர்களும் நினைத்தார்கள், கம்பெனிகளும் நினைத்தன. அவர்களுக்கு உதவ முன்வந்தவர்களில் ஒருவர் பெர்னார்டு ஹால்டேன். என்ன வேலை பார்த்தாய், என்ன படித்தாய் என்ற வழக்கமான கேள்விகளை அவர் பின்னுக்குத் தள்ளினார். நன்றாகச் செய்ததாக நீயே உணர்ந்த, செய்யும்போது உனக்குப் பிடித்திருந்த, இன்றும் பெருமையாக நினைக்கிற காரியங்களைச் சொல் என்று கேட்டார். அவை சின்ன வயதில் செய்தவையாக இருக்கலாம், சம்பளம் வாங்காமல் செய்தவையாகவும் இருக்கலாம். பிறர் பாராட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படிப்பட்ட பல அனுபவங்களை அடுக்கிப் பார்த்தால் அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் செயல்கள் தெரியும் என்பதுதான் அவருடைய முறையின் அடிப்படை. ஒரு முறை செய்தது தற்செயலாக இருக்கலாம். வேறு வேறு வயதில், வேறு வேறு இடத்தில், விரும்பிச் செய்த ஒன்று மறுபடி மறுபடி தலைகாட்டினால் அதை நம்பலாம்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எவரும் பார்த்திருக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்பது ஏற்பாடு. பல்லாண்டு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெறும் ஒரு பெண்மணியிடம் என்ன தெரியும் என்று கேட்டால், "சும்மா சத்துணவுலதான் இருந்தேன்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அவருடைய ஒரு காலைப் பொழுதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கதை வேறு. மணி அடித்ததும் வகுப்புவாரியாக வருகை எண்ணிக்கை வாங்குகிறார். ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும், அதனால் முந்தைய நாளே பருப்பைக் குறைத்து எடுத்து வைத்திருக்கிறார். அரிசியையும் எண்ணெயையும் முட்டையையும் அளந்து கொடுத்து இருப்புப் பதிவேட்டில் எழுதுகிறார். சிலிண்டர் பாதியில் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார். சமையலருக்கும் உதவியாளருக்கும் ஏற்பட்ட மனஸ்தாபம் சோற்றில் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார். மதியம் பந்தி நடக்கும்போது, தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்காரும் ஒரு பிள்ளை நேற்றும் பாதிச் சோற்றை வைத்துவிட்டதைக் கவனித்து, டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறார்.

இதைப் பிரித்து எழுதினால் செயல்கள் வரிசையாக வரும்: கணித்தார், அளந்தார், பதிவு செய்தார், மாற்று ஏற்பாடு வைத்திருந்தார், சமாதானம் செய்தார், சொல்லாததைக் கவனித்தார். அமைப்பாளர் பதவி ஓய்வோடு போய்விடும். இந்த ஆறும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கில், கோயில் அன்னதானக் கமிட்டியில், ஐந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணப் பந்தியில், தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அப்படியே பயன்படும். இந்த ஆறிலும் அவர் எதை விரும்பிச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பதிவேடு எழுதுவதில் கெட்டிக்காரராக இருந்தும் அதை வெறுத்திருக்கலாம். நன்றாகச் செய்ய முடிந்தும் செய்தால் மனம் சோர்ந்துபோகும் வேலையை ஹால்டேனின் முறை பலமாகக் கணக்கில் கொள்வதில்லை. ஓய்வுக்குப் பின் என்ன செய்யலாம் என்று தேடுபவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடு மிகப் பெரிய உதவி. கணக்கில் புலி என்று பெயரெடுத்த பல பேர், பெயர் இருப்பதாலேயே சங்கம் சங்கமாகப் பொருளாளர் பதவியில் மாட்டிக்கொண்டு அலுத்துப் போகிறார்கள்.

ஹால்டேன் தொடங்கிய வழியைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுபோனவர் ரிச்சர்ட் போல்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேராலயத்தில் பாதிரியாராக இருந்த அவருக்கு, செலவுக் குறைப்பில் 1968-இல் வேலை போனது. பிறகு கல்லூரி வளாகங்களில் பணியாற்றிய மதகுருமார்கள் அதேபோல வேலை இழந்தபோது அவர்களுக்காக 1970-இல் ஒரு கையேட்டைத் தாமே அச்சிட்டுக் கொடுத்தார். 1972-இல் ஒரு பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. 'உங்கள் பாராசூட் என்ன நிறம்?' என்று பொருள்படும் தலைப்புள்ள அந்த நூல் பின்னர் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் நடுநாயகமான பயிற்சி, தம் வாழ்க்கையிலிருந்து ஏழு சம்பவங்களைக் கதைபோல எழுதி, ஒவ்வொன்றிலும் மனிதர்களோடு, பொருள்களோடு, தகவல்களோடு தாம் என்ன செய்தோம் என்று அடிக்கோடிடுவது. 'நான் பொறுமைசாலி' என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மருந்து வேளை தவறாமல் பார்த்தது, மருத்துவர் எழுதியது புரியாதபோது திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்தது, அண்ணன் தம்பிகளுக்குள் செலவைப் பிரித்து வாங்கியது என்று எழுதினால் நிறையவே செய்யலாம்.

உளவியல் துறைக்குள் பலங்களைப் பற்றிய ஆராய்ச்சி சற்றுப் பிந்தித்தான் வேகம் பிடித்தது. மனநோய்களைப் பட்டியலிட விரிவான கையேடு இருக்கும்போது, மனிதரிடம் நன்றாக இருப்பவற்றுக்கு ஏன் ஒன்று இல்லை என்ற கேள்வியிலிருந்து கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். ஆர்வம், துணிவு, கனிவு, நியாய உணர்வு, தன்னடக்கம், நகைச்சுவை, நன்றியுணர்வு என 24 குணபலங்கள், ஆறு நற்பண்புகளின் கீழ் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஒருவரிடம் இவற்றில் எவை மேலோங்கி நிற்கின்றன என்று காட்டும் வினாப்பட்டியலும் உருவானது.

அவர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின் முடிவு இங்கே மிக முக்கியம். இணையதளம் வழியாக வந்து சேர்ந்த பங்கேற்பாளர்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் தம் முதன்மையான பலங்கள் எவை என்று தெரிந்துகொண்டதோடு நின்றார்கள். இன்னொரு பிரிவினர் அவற்றில் ஒன்றைத் தினமும் இதுவரை செய்யாத ஒரு வழியில் பயன்படுத்தினார்கள். முதல் பிரிவினருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சீக்கிரமே வடிந்துவிட்டது. இரண்டாம் பிரிவினரிடம் மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் வரை தெரிந்தன. தாமாகவே முன்வந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால், தன் பலம் இன்னது என்று ஒரு தாளில் அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைப்பதால் ஒன்றும் நடக்காது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கனிவு ஒருவருடைய பலம் என்றால், ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் அது யாரிடமாவது செயலாகப் போய்ச் சேர வேண்டும்.

தன் கண்ணுக்குத் தெரியாததை அடுத்தவர் கண்ணால் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வகுத்து 2005-இல் கட்டுரைகளாக வெளியிட்டது அது. குடும்பம், நட்பு, பழைய வேலை, இப்போதைய வேலை என வெவ்வேறு வட்டங்களிலிருந்து பத்து முதல் இருபது பேரிடம், தாம் மிகச் சிறப்பாக இருந்ததாக அவர்கள் கண்ட சம்பவங்களை எழுதித் தரும்படி ஒருவர் கேட்கிறார். வந்த பதில்களில் பொதுவாக வருபவற்றைத் தொகுத்துத் தம்மைப் பற்றி ஒரு சித்திரம் எழுதுகிறார். இதில் சம்பவம் என்பதுதான் உயிர். "நல்ல மனுஷன் சார் அவரு" என்பது பாசம், அவ்வளவுதான். "அன்னிக்கு ஆடிட் வந்தப்போ நான் பண்ண தப்புக்கு நீங்கதான் முன்னாடி வந்து நின்னீங்க" என்பதில் தகவல் இருக்கிறது. பத்து பேரிடம் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் மூன்று பேரிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகக் கேட்டுப் பார்க்கலாம். பதில்களில் பாதிக்கு மேல், கேட்டவர் எப்போதோ மறந்துபோன விஷயமாக இருக்கும்.

பதவியும் சான்றிதழும் பறிபோன பிறகு திறமை எங்கே போய் முளைக்கும் என்பதற்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் வாழ்க்கையே பெரிய சான்று. 1983-க்குப் பிறகு டொராண்டோவுக்கும் ஐரோப்பிய நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்களில் ஊரில் ஆசிரியராகவும் கணக்காளராகவும் அரசு அலுவலராகவும் இருந்த பலர், அங்கே உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் துப்புரவிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அவர்களுடைய பட்டங்களை அந்த நாடுகள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம், அதை எந்தப் பயிற்சியாலும் பூசி மறைக்க முடியாது. அதே மனிதர்கள்தான் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பத்திரிகை தொடங்கினார்கள், கோயில் எழுப்பினார்கள், பழைய மாணவர் சங்கங்கள் வைத்து ஊர்ப் பள்ளிக்குப் பணம் அனுப்பினார்கள். வார நாளில் பாத்திரம் துலக்கியவர் சனிக்கிழமை காலை ஒரு வகுப்பின் முன் நின்று அ, ஆ சொல்லிக் கொடுத்தபோது அவருடைய பிள்ளைகள் அவரை முதன்முறையாக ஆசிரியராகப் பார்த்தார்கள்.

பலத்தைக் கொண்டாடுவது என்று வரும்போது தமிழர் வாழ்வில் மேடைக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததில், ஓய்வும் மணிவிழாவும் இப்போது ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன. அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே மறுபடி வருவதைக் கொண்டாடும் மணிவிழாவைத் திருக்கடையூர் போன்ற தலங்களில் கலசாபிஷேகத்தோடும் மறு மாங்கல்யத்தோடும் செய்கிறார்கள். அது ஆயுளுக்கும் தாம்பத்தியத்துக்குமான விழா. அலுவலகத்தில் நடக்கும் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் மாலை, சால்வை, மோதிரம், ஸ்வீட் காரம் காபி எல்லாம் இருக்கும். "கடைநிலை ஊழியர் முதல் மேலதிகாரி வரை அனைவரிடமும் அன்பாகப் பழகுவார்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். குடும்பத்தையும் மேடையில் உட்கார வைத்து, கடைசியில் வேனில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். வான் கென்னெப் சொன்ன பிரிதல் கட்டம் இங்கே மிக அழகாக நடந்தேறுகிறது.

குறை ஒன்றுதான். பேசுகிற பத்து பேரில் இரண்டு பேராவது குறிப்பான ஒரு சம்பவத்தைச் சொன்னால், வீட்டுக்குப் போகிறவர் சால்வையோடு தம்மைப் பற்றிய ஒரு செய்தியையும் எடுத்துப் போவார். மனைவியும் பிள்ளைகளும் அந்த மனிதரின் அலுவலக முகத்தைக் கேட்கும் ஒரே சந்தர்ப்பமும் அதுதான். விழா ஏற்பாடு செய்பவர்கள் பேச்சாளர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

வேலை இழந்தவருக்கும், மணமுறிவுக்குப் பின் தனியே வீடு அமைத்துக்கொண்டவருக்கும், வெளிநாட்டிலிருந்து நோயோடு திரும்பியவருக்கும் மேடை கிடையாது, மாலை கிடையாது. உற்றார் அவரிடம் கேட்பதெல்லாம் அடுத்து என்ன என்பதுதான். உண்மையில் கொண்டாட்டம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்கே. அதற்கு ஊர் கூட வேண்டியதில்லை. தனியாகப் போய் வங்கிக் கடனை மாற்றி எழுதி முடித்த நாளில், முதல் மாத வாடகையைச் சொந்தப் பணத்தில் கட்டிய நாளில், ஒரு தோழி வீட்டுக்கு வந்து சேர்ந்து சாப்பிட்டு, "இத நீ ஒத்த ஆளா முடிச்ச" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். செய்ததைச் சொல்லிப் பாராட்டுவதற்கு ஒரு சாட்சி இருப்பதுதான் முக்கியம்.

சில எச்சரிக்கைகளும் சொல்லியாக வேண்டும். துணையை இழந்த முதல் வாரங்களில் உன் பலம் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. அப்போது வேண்டியது கூட இருக்கும் ஆள். பழைய இடத்தில் பலமாக இருந்தது புதிய இடத்தில் தொந்தரவாகவும் மாறலாம். முப்பது பேரை வேலை வாங்கியவர் வீட்டுச் சமையலறையை மேற்பார்வை செய்யத் தொடங்கினால் வீடு தாங்காது. அந்தத் திறமைக்குக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இடம் இருக்கிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீளும் சோர்வுக்குப் பட்டியல் எழுதுவது மருந்தாகாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தனிமனிதர் தாமாகக் கண்டெடுத்த பலத்தை அரசும் நிறுவனங்களும் ஏற்கும் ஏற்பாடுகள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. பிரான்ஸில் 2002-இல் வந்த ஒரு சட்டம், படிப்பு இல்லாமல் வேலை அனுபவத்தை மட்டும் காட்டியே ஒருவர் முழுப் பட்டயம் பெற வழி செய்தது. தொடக்கத்தில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்டார்கள், 2016-இல் அது ஓராண்டாகக் குறைந்தது. விண்ணப்பிப்பவர் தாம் செய்த வேலையை, எதை எப்படிச் செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று விரிவாக எழுதி, ஒரு நடுவர் குழு முன் விளக்க வேண்டும். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் வேலை கற்ற கொத்தனார், தையல்காரர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களின் முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு உண்டு. இரண்டிலும் சோதிப்பவர் கேட்பது ஒரே கேள்வி: உங்களால் என்ன செய்ய முடியும், அதைச் செய்து காட்டுங்கள். பிரெஞ்சு நடுவர் குழு முன் நிற்பவரும், சொந்தக் கரண்டியோடும் தூக்குக்குண்டோடும் சோதனைக்கு வரும் கொத்தனாரும் கேட்கப்படுவது அதுதான்.